இளம் போன்சாய்க்கு எந்த மண், எந்தத் தொட்டி? வழி சொல்லுங்கள்

அரும்பு_22 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன்சாய் பக்கம் புதிதாக வந்திருக்கிறேன். கையில் இரண்டு செடிகள் இருக்கின்றன. ஒன்று ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்): நாற்றுப்பையில் இருக்கிறது, அடித்தண்டு சுண்டுவிரல் கனம், ஒன்றரை அடி உயரம். இன்னொன்று சின்ன ஜூனிப்பர், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில். இரண்டுக்கும் 4 செ.மீ. ஆழத்தில் பீங்கான் தட்டுத்தொட்டிகள் வாங்கி வைத்துவிட்டேன்.

குழப்பமெல்லாம் மண்ணில்தான். அகடாமா என்கிற ஜப்பானிய மண் இல்லாமல் போன்சாய் வளர்க்கவே கூடாது என்கிறார் ஒருவர். செம்மண், மணல், தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்தால் போதும் என்கிறார் இன்னொருவர். தொட்டி அடியில் கூழாங்கல் பரப்பு என்று ஒரு காணொளி, பரப்பாதே என்று அடுத்த காணொளி. எதை எடுத்துக்கொள்வது? இந்த வாரமே இரண்டையும் தட்டுக்கு மாற்றிவிடலாமா?

சிறுமரம் எழுதியது:

வாங்க அரும்பு. மண்ணுக்கு வருவதற்கு முன்னால் ஒன்று: அந்தத் தட்டுத்தொட்டிகளை இப்போதைக்கு எடுத்து உள்ளே வையுங்கள். தட்டு என்பது மரம் உருவான பிறகு அதை அந்த அளவிலேயே வைத்திருக்கப் பயன்படுவது. தண்டு தடிக்க வேண்டுமென்றால் கிளைகள் தாராளமாக ஓட வேண்டும், கிளை ஓட வேருக்கு இடம் வேண்டும். சுண்டுவிரல் கனத்தில் இருப்பதை இப்போதே தட்டில் வைத்தால் பல வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே கனத்தில்தான் பார்ப்பீர்கள்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, தட்டின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடித்தண்டின் கனம் அளவு. இது வளர்ந்து முடிந்த மரத்துக்கான கணக்கு. உங்கள் செடிக்கு இதைப் போட்டால் என்ன தொட்டி வரும் என்று நீங்களே பாருங்கள்.

இப்போதைக்கு ஃபைகஸுக்கு ஏற்றது, பக்கமெல்லாம் துளை உள்ள பிளாஸ்டிக் கூடை அல்லது பழைய வடிகட்டிக் கூடை. 10 முதல் 12 செ.மீ. ஆழம் போதும். வேர் நுனி துளையருகே வந்து காற்றுப் பட்டதும் காய்ந்து நின்றுவிடும். அதற்குப் பின்னாலிருந்து புதுக் கிளைவேர்கள் பிரியும். சுவர் உள்ள தொட்டியில் அதே வேர் சுற்றிச் சுற்றி வளையமாகிவிடும். நமக்கு வேண்டியது தண்டைச் சுற்றி நாலாபக்கமும் பரவும் வேர், அதனால் கூடை நல்ல தொடக்கம்.

அரும்பு_22 எழுதியது:

தட்டு வாங்கியது வீண் போகாதே அண்ணே? சரி, கூடைக்கே போகிறேன். ஆனால் கூடையில் எந்த மண்?

கல்லும்மண்ணும் எழுதியது:

வீண் போகாது, என்றைக்காவது அதில் மரம் நிற்கத்தான் போகிறது. மண்ணைப் பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன்னால் எந்த அளவுத் துகள் என்று கேளுங்கள். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் ஆக்ஸிஜன். மண்ணில் காற்று இருப்பது துகள்களுக்கு இடையேயுள்ள இடைவெளியில். 2 முதல் 5 மி.மீ. வரை ஒரே சீராகத் துகள்கள் இருந்தால் இடைவெளி பெரிதாக இருக்கும், தண்ணீர் வழிந்ததும் அந்த இடத்தில் காற்று நுழையும். பெரிய துகளோடு தூள் கலந்துவிட்டால் தூள் போய் அந்த இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மூன்று விதப் பொருளைக் கலந்தும் சிலருக்குத் தண்ணீர் வடிவதில்லை. சலிக்காமல் கலந்திருப்பார்கள்.

அந்தச் "செம்மண், மணல், தொழுவுரம்" செய்முறையில் உள்ள சிக்கலும் இதுதான். மணலில் பெரும்பாலானது 2 மி.மீ.க்குக் குறைவு. செம்மண்ணில் இருக்கும் களியோடு கலந்தால் மண் இளகும் என்று நினைக்கிறோம், நடப்பது இறுக்கம். மணல் வேண்டுமென்றால் 2 மி.மீ. சல்லடையில் மேலே நிற்பதை மட்டும் எடுங்கள், கீழே விழுந்ததைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். கடல் மணல் பக்கம் போகவே வேண்டாம், உப்பு.

அடுத்தது தொட்டியின் ஆழம். ஒரு பஞ்சுத் துண்டை (பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச்தான்) நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் சொட்டும். பஞ்சும் அதே, தண்ணீரும் அதே, உயரம் மட்டும் மாறியிருக்கிறது. தொட்டியிலும் இதே கதைதான். எந்தத் தொட்டியிலும் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை அளவு மண் முழுக்க ஈரமாகவே நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு, தொட்டியின் ஆழம் இல்லை. 20 செ.மீ. ஆழத் தொட்டியில் 3 செ.மீ. ஈரப்பட்டை இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 4 செ.மீ. தட்டில் அதே 3 செ.மீ. இருந்தால் வேர் மூழ்கிக் கிடக்கும். சாதாரணத் தொட்டியில் நன்றாக இருந்த மண் தட்டில் வேரை அழுகவைப்பது இதனால்தான். தட்டுக்குப் பருத்த துகள்களாக, தூளே இல்லாத கலவை வேண்டும் என்று போன்சாய்க்காரர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

மாடித்தோட்டம் எழுதியது:

கல்லும்மண்ணும் சார், கூழாங்கல் பற்றியும் சொல்லிவிடுங்கள். நான் எல்லாத் தொட்டிக்கும் அடியில் ஓர் அடுக்குப் போடுகிறேன், செடிகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

கல்லும்மண்ணும் எழுதியது:

மாடித்தோட்டம் அக்கா, ஆழமான தொட்டியில் அது பெரிய தீங்கு செய்யாது. செடியும் தாங்கிக்கொள்ளும். ஆனால் வடிகாலுக்கு அது உதவுவதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய கல்லுக்குள் உடனே இறங்காது. மேலே இருக்கும் மண் நிரம்பி வழிந்தால்தான் இறங்கும். அதாவது அந்த ஈரப்பட்டை கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 4 செ.மீ. தட்டில் 1 செ.மீ. கல் போட்டால் வேருக்கு மிச்சம் 3 செ.மீ., அதிலும் பெரும்பகுதி ஈரப்பட்டை.

பழைய கைகள் ஆழமான போன்சாய் தொட்டிகளில் அடியில் கொஞ்சம் பெரிய துகள் போடுவதுண்டு. அவர்கள் மேலே போடுவதும் சலித்த பருத்த துகள் என்பதால் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு, பாதிப்பும் குறைவு. தொடக்கத்தில் இருப்பவர் வடிகால் துளைக்கு மேல் வலைத்துண்டு வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரே கலவை போடுவதுதான் என் பரிந்துரை.

அரும்பு_22 எழுதியது:

இது யாரும் இப்படி விளக்கவில்லை, நன்றி சார். அப்படியானால் அகடாமா கட்டாயமா இல்லையா?

கல்லும்மண்ணும் எழுதியது:

கட்டாயம் இல்லை. நல்ல பொருள், அதில் சந்தேகமில்லை. ஜப்பானில் வெட்டியெடுக்கும் எரிமலைச் சாம்பல் களிமண், துகளாகக் காயவைத்துச் சலித்து வருகிறது. தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைக்கும், நுண்வேர்கள் துகளுக்குள்ளேயே புகும். காய்ந்தால் வெளிறும், நனைந்தால் கருக்கும் என்பதால் தண்ணீர் ஊற்றும் நேரத்தை அதுவே காட்டிக்கொடுக்கும், புதியவர்களுக்கு இது பெரிய உதவி. குறை என்னவென்றால் இரண்டு மூன்று வருடத்தில் நொறுங்கித் தூளாகும். உறைபனி விழும் இடத்தில் இன்னும் சீக்கிரம். அப்புறம் எந்தத் தூளைத் தவிர்க்கச் சலித்தோமோ அதே தூள் தொட்டிக்குள் உருவாகிவிடும்.

அதற்குப் பதிலாகப் பியூமிஸ் (நுரைக்கல்), எரிமலைக்கல் துகள், சுட்ட களிமண் துகள், நன்றாக வெந்த செங்கல்லை உடைத்த சில்லு, இவற்றில் எது கிடைக்கிறதோ அது. பியூமிஸ் நொறுங்காது, துளைகளில் தண்ணீரை வைத்திருக்கும், எடை குறைவு. எரிமலைக்கல் ஈரம் குறைவாகப் பிடிக்கும், காற்றுக்கு நல்லது. பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளைத் துகள்) வேலை செய்யும், ஆனால் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மிதந்து மேலே வரும், மரத்தை அசையாமல் பிடித்துவைக்கும் கனமும் அதற்கு இல்லை. வெர்மிகுலைட் (சூட்டில் விரிந்த மெல்லிய அடுக்குகள் கொண்ட தாது) நாளடைவில் நசுங்கிவிடும், போன்சாய்க்கு நான் சேர்ப்பதில்லை.

செங்கல் எடுப்பவர்களுக்கு ஒரு சோதனை: உடைத்த சில்லை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விரலால் நசுக்குங்கள். குழைந்தால் அது சரியாக வேகாத கல், வேண்டாம். சுண்ணாம்போ சிமெண்டோ ஒட்டிய துண்டுகளையும் ஒதுக்குங்கள், அவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றும்.

வேர்த்தடம் எழுதியது:

கல்லும்மண்ணும் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் புதியவர்கள் சிக்கலில் மாட்டுவார்கள். முழுக்கக் கல் கலவை போட்டவர் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புபவருக்கு அது நடக்காது. அவருடைய மரம் அழுகிச் சாவதற்குப் பதில் காய்ந்து சாகும்.

சத்து விஷயமும் இருக்கிறது. பியூமிஸ், எரிமலைக்கல் எல்லாம் உரத்தைப் பெரிதாகப் பிடித்துவைக்காது, ஊற்றியது வடிந்துபோகும். அந்தக் கலவையில் வளர்த்தால் நீர்த்த உரத்தை அடிக்கடி கொடுத்தே ஆக வேண்டும். இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை, பிறகு இலை ஏன் வெளிறுகிறது என்று கேட்டு வருகிறார்கள்.

ஆகவே மட்கிய மரப்பட்டைத் துண்டு அல்லது தேங்காய் மட்டைத் துண்டு கொஞ்சம் சேர்ப்பதில் தவறே இல்லை. அதையும் சலிக்க வேண்டும், அவ்வளவுதான். தூளான கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) விட மட்டைத் துண்டு நல்லது. எதுவானாலும் முதலில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி அலசுங்கள், அதில் உப்பு இருக்கும்.

உத்தேச அளவு: ஃபைகஸுக்குப் பியூமிஸோ செங்கல் சில்லோ இரண்டு பங்கு, எரிமலைக்கல் அல்லது சலித்த கருங்கல் துகள் ஒரு பங்கு, மரப்பட்டை ஒரு பங்கு. தினம் ஒரு முறைதான் ஊற்ற முடியும், வெயிலும் காற்றும் அதிகம் என்றால் பட்டையை மொத்தக் கலவையில் மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டலாம். விடாமல் மழை பெய்யும் இடமென்றால் பட்டையை முற்றிலும் விட்டுவிடலாம். ஜூனிப்பருக்குக் கல் பங்கு அதிகமாகவே இருக்கட்டும்.

கல்லும்மண்ணும் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் வேர்த்தடம். தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு ஏற்ற மண் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கலவை சரியா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. தொட்டியின் துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்து, அது தளும்ப எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, முன்பே ஊறவைத்து வடித்த கலவையை நிரப்புங்கள். மேற்பரப்பு மினுங்கும் வரை மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். நாடாவை எடுத்து, வடியும் தண்ணீரைப் பிடித்து அளந்து பாருங்கள். வடிந்த அளவுதான் இனி காற்று இருக்கப்போகும் இடம். தொட்டி 1 லிட்டர் பிடித்தால் 200 மி.லி.யாவது வடிய வேண்டும், கூடினால் இன்னும் நல்லது. எந்த ஆழத் தொட்டியில் நடப்போகிறீர்களோ அதே ஆழத்தில் சோதியுங்கள். ஆழம் மாறினால் விடையும் மாறும், அந்தப் பஞ்சு காட்டியது அதைத்தான்.

மாடித்தோட்டம் எழுதியது:

நான் தோட்ட மண்ணில் பல வருடமாக ஒரு போகன்வில்லா வைத்திருக்கிறேன். ஆரோக்கியமாகப் பூக்கிறது. எல்லோரும் மண்ணே கூடாது என்கிற மாதிரிப் பேசினால் கையில் வசதி இல்லாதவர்கள் பயந்துவிடுவார்களே.

வேர்த்தடம் எழுதியது:

அக்கா, நீங்கள் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறீர்கள், ஆழமான தொட்டி வேறு. அதனால் நடக்கிறது. புதியவர் பயத்தில் தினமும் ஊற்றுவார், அப்போது தோட்ட மண் மன்னிக்காது. பருத்த துகள் கலவையில் கூடுதலாக ஊற்றியது வடிந்து போய்விடும். வசதி பற்றி நீங்கள் சொன்னது முக்கியமான கருத்து. உடைந்த செங்கல்லும் ஒரு சல்லடையும் இருந்தால் போதும், விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை.

அரும்பு_22 எழுதியது:

செங்கல் சில்லும் மட்டைத் துண்டும் கிடைக்கும், அதிலேயே தொடங்குகிறேன். மாற்றும் நாளில் என்ன செய்ய வேண்டும்? இரண்டையும் ஒரே நாளில் மாற்றலாம் அல்லவா?

சிறுமரம் எழுதியது:

இரண்டுக்கும் காலம் வேறு. ஃபைகஸ் வெப்ப நாட்டு மரம். இரவிலும் 15 டிகிரிக்குக் கீழே போகாத, புதுத் துளிர் விட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் மாற்றினால் வேர் சீக்கிரம் பிடிக்கும். ஜூனிப்பரை ஜூனிப்பர்_கை சொல்லட்டும்.

ஃபைகஸுக்கு: முந்தின நாள் தண்ணீர் ஊற்றுவதைக் குறையுங்கள், பாதி காய்ந்த தாய்மண் (செடியோடு வந்த பழைய மண்) எளிதாக உதிரும். கூடையில் வலைத்துண்டு வைத்து, துளை வழியாக 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி ஒன்றைக் கோத்து இரண்டு முனையும் மேலே நிற்கும்படி விடுங்கள். செடியை எடுத்து, குச்சியால் வெளியிலிருந்து உள்நோக்கி மண்ணை உதிர்த்து, வேர்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கோதிவிடுங்கள். நேர் கீழே போகும் ஆணிவேர், தண்டைச் சுற்றிக்கொண்ட வேர், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வேர், இவை வெட்டப்பட வேண்டியவை. சுற்றிய வேரை இப்போது விட்டால் தடித்த பிறகு தண்டையே நெரிக்கும். நுண்வேர்களைக் காப்பாற்றுங்கள், தண்ணீர் குடிப்பது அவைதான். நல்ல பலத்தில் இருக்கும் ஃபைகஸ் வேரில் பாதி போனாலும் தாங்கும், ஆனால் முதல் தடவை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டும்போது பால் வடியும், துடைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். வெட்டிய வேர் காற்றில் காயக் கூடாது, பக்கத்தில் தெளிப்பான் இருக்கட்டும்.

கூடை நடுவில் கலவையைச் சின்ன மேடாகக் குவித்து, அதன்மேல் செடியை உட்காரவைத்து, லேசாகத் திருகி அமர்த்துங்கள். அப்போதுதான் தண்டுக்கு நேர் கீழே பொந்து விழாது. கம்பியை வேர்களுக்கு மேலே கொண்டுவந்து முறுக்குங்கள். கம்பி எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காற்றில் செடி ஆடினால் அப்போதுதான் முளைக்கும் நுண்வேர் அறுந்துகொண்டே இருக்கும், வாரக்கணக்கில் வேர் பிடிக்காது. பிறகு கலவையைப் போட்டுக் குச்சியால் குத்திக் குத்தி வேர் இடுக்குகளில் இறக்குங்கள். கையால் அழுத்த வேண்டாம், சலித்துச் சம்பாதித்த இடைவெளி போய்விடும். கடைசியாக, அடியில் வருவது தெளிந்த நீராக மாறும் வரை பூவாளியில் ஊற்றுங்கள்.

ஜூனிப்பர்_கை எழுதியது:

ஜூனிப்பரை இந்த வாரம் தொடாதீர்கள். குளிர் முடிந்து புது வளர்ச்சி கிளம்பும் நேரம் வரட்டும். இது ஊசியிலை மரம், பலம் இலையில்தான் சேமித்திருக்கும். வேரில் கை வைக்கும் பருவத்தில் கிளையைப் பலமாக வெட்டவோ கம்பி சுற்றி வளைக்கவோ கூடாது. தாய்மண்ணை முழுக்கக் கழுவி வேரை வெறுமையாக்கவும் கூடாது. அடிப்பகுதியையும் ஓரங்களையும் மட்டும் குறைத்து, நடு மண்ணை அப்படியே விட்டு நடுங்கள். அடுத்த முறை மாற்றும்போது ஒரு பாதியில் பழைய மண்ணை எடுங்கள், அதற்கடுத்த முறை மறுபாதி. வேருக்கு நடுவே வெள்ளை நூல் போல ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் தீங்கில்லாத பூஞ்சை, பயப்படாதீர்கள்.

ஜூனிப்பரில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. வேர் செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே நிற்கும். பச்சையாக இருக்கிறதே என்று நம்பி எதுவும் செய்யாமல் இருப்போம், பழுப்பாகும்போது காலம் கடந்திருக்கும். நுனியில் இளம்பச்சை வளர்ச்சி தெரிந்தால் மட்டுமே வேர் பிடித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, இதை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். வெளியில் வாழ வேண்டிய மரம்.

புதுத்துளிர் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ஜேடு செடி. அதற்கும் மாற்றியதும் தண்ணீர் ஊற்றலாமா?

சிறுமரம் எழுதியது:

கூடாது. அது சதைப்பற்றுள்ள செடி. வெட்டிய வேர் ஆறும் வரை ஒரு வாரம் போல உலர்ந்த கலவையிலேயே இருக்கட்டும், பிறகு ஊற்றுங்கள். கலவையில் மரப்பட்டை மிகக் குறைவாக இருப்பது நல்லது.

அரும்பு_22 எழுதியது:

ஃபைகஸைக் கூடையில் நட்டுவிட்டேன். ஆணிவேர் எதிர்பார்த்ததை விடத் தடிமன், வெட்டக் கை நடுங்கியது, ஆனால் பக்கவேர்கள் மூன்று திசையில் நன்றாக இருக்கின்றன. ஓர் இலை இரண்டு இலை மஞ்சளாகி விழுகிறது. உரம் கொடுக்கலாமா? இனி தண்ணீர் எப்போது?

வேர்த்தடம் எழுதியது:

மாற்றியதும் ஃபைகஸ் சில இலைகளை உதிர்ப்பது வழக்கம்தான். இரண்டு மூன்று வாரம் வெளிச்சமான நிழலில், காற்று நேரடியாக அடிக்காத இடத்தில் வையுங்கள். உரம் இப்போது வேண்டாம். வெட்டுப்பட்ட வேருக்கு உர உப்பு எரிச்சல்தான் தரும். புதுத் துளிர் விரிந்த பிறகு நீர்த்த உரத்தில் தொடங்கலாம்.

தண்ணீருக்கு நேரம் குறித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மரக்குச்சியை 3 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி வைத்து, எடுத்துப் பாருங்கள். குச்சி ஈரமாகக் கருத்திருந்தால் பொறுங்கள், லேசான ஈரம் மட்டும் இருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காமல் அடியில் வழியும் வரை ஊற்றுங்கள். இலை குறைந்திருக்கும் செடி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று திசையில் வேர் இருப்பது நல்ல செய்தி. நாலாவது பக்கத்தில் வேர் இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம், அடுத்த முறை மாற்றும்போது அந்தப் பக்கத்துத் தண்டின் பட்டையில் சின்னக் கீறல் போட்டு ஈரமாக வைத்தால் ஃபைகஸ் பெரும்பாலும் அங்கே வேர் விடும்.

மாடித்தோட்டம் எழுதியது:

நானும் செங்கல் உடைக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு கேள்வி: தொட்டி மாற்றும்போது மிச்சமாகும் பழைய கலவையை மறுபடி பயன்படுத்தலாமா?

கல்லும்மண்ணும் எழுதியது:

தாராளமாக, அக்கா. காயவைத்து, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்கும் பியூமிஸும் செங்கல்லும் எத்தனை முறை வேண்டுமானாலும் உழைக்கும். நொறுங்கிய அகடாமாவும் மட்கிய பட்டையும் கீழே போய்விடும், அவற்றைத் தோட்டத்தில் கொட்டிவிடலாம். பழைய செடி வேரழுகலிலோ, நூற்புழுவால் வேரில் வரும் முடிச்சிலோ செத்திருந்தால் அந்தக் கலவையை மட்டும் போன்சாய்க்குத் திரும்ப எடுக்காதீர்கள். நோய் இல்லாத கலவையையும் ஈரப்படுத்தி, ஒளி புகும் பிளாஸ்டிக் பையில் மெல்லிசாகப் பரப்பிக் கட்டி, சில வாரம் கடும் வெயிலில் போட்டு எடுத்தால் களைவிதையும் பூஞ்சையும் பெருமளவு குறையும்.